வாசகர் கேள்வி: குரலைப் பதிவுசெய்வது எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய வியட்நாம்காரர்கள் தங்கள் பெரியவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்கிறார்களாமே, எழுதி வைத்தால் போதாதா? – வாசகி, திருச்சி

பதில்: போதாது. 1975 ஏப்ரல் 30-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் கம்யூனிஸ்ட் படையிடம் வீழ்ந்த சமயத்திலும் அப்புறமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்கள் பெட்டி பெட்டியாகக் காகிதமா கொண்டுபோயிருப்பார்கள்? அவர்கள் அதிகம் வாழும் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில், இர்வைன் பல்கலைக்கழகம் 2011-இல் இதற்கென்றே ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் நீங்களே கேட்கலாம்.

குரல்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வியட்நாம் மொழியில் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றிவிடும்; அதைத் தொனி என்பார்கள். வடக்கே ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனிகள், தெற்கே சைகோன் பேச்சில் இரண்டு ஒன்றாகிவிடுவதால் ஐந்துதான். 1954-இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து சைகோனுக்கு வந்து, 1975-க்குப் பிறகு மறுபடியும் கடல் கடந்த ஒரு பாட்டி வாயைத் திறந்தாலே, எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எழுத்தில் எல்லோருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். தாய்லாந்து வளைகுடாவின் கடற்கொள்ளையர் பற்றிக் கேட்டதும் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு, பெருமூச்சு விட்டு, சம்பந்தமில்லாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அதுவும் சாட்சிதான். தட்டச்சு செய்பவர் அங்கே மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பழைய கேசட்டுகளையும் விடக்கூடாது. 1975-க்குப் பிறகு வந்த புதிய அரசு தடைசெய்த சைகோன் காதல் பாட்டுகள் வெளிநாட்டில் கேசட்டில்தான் பிழைத்தன. நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றியாக வேண்டும்.