ஸ்டீயரிங் காலம் (column) மாற்றும் முன் வோல்ட்டைப் பாருங்கள்: எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கேள்வி பதில்

சென்னை கொருக்குப்பேட்டையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், அதாவது இபிஎஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். கிளட்ச், மைலேஜ், எந்த வண்டி வாங்கலாம் என்பதெல்லாம் இன்று வேண்டாம்.

தண்டையார்பேட்டை: அண்ணே, சின்ன பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் பண்ணா ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, மஞ்சள் விளக்கு எரியுது. கொஞ்ச தூரம் ஓட்டி, ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. ஸ்டீயரிங் காலம் அசெம்ப்ளியே மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். "காலையில்" என்று சொன்னீர்களே, அதில்தான் பாதி விடை இருக்கிறது.

உங்கள் மாதிரிச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் காலத்திலேயே, அதாவது ஸ்டீயரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டுப் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்பதை டார்க் சென்சார் அளந்து சொல்லும். கண்ட்ரோல் பாக்ஸ் அதற்கேற்ற கரண்டை மோட்டாருக்கு அனுப்பும். வண்டி நின்றபடியே வீலை முழுக்கத் திருப்பினால் பத்துக் கணக்கில் ஆம்பியர் இழுக்கும். பேட்டரி நலிந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் வோல்ட் விழும். பாக்ஸ் அதைக் கோளாறாகப் பதிவு செய்து, விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஓடி சார்ஜ் ஏறியபின் அடுத்த ஸ்டார்ட்டில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அடுத்து ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். பேட்டரியிலேயே 12-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி, பெல்ட், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது) மூன்றையும் பாருங்கள். பேட்டரியில் நன்றாக இருந்து இபிஎஸ் பாக்ஸில் மட்டும் குறைந்தால் வயர், பெரிய ஃப்யூஸின் போல்ட், எர்த் (வண்டி பாடியில் போல்ட் போட்ட நெகட்டிவ் இணைப்பு) மூன்றில் ஒன்று.

எர்த் நம் பக்கத்துப் பெரிய தலைவலி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. மேலே பார்த்தால் போல்ட் டைட்டாகத்தான் இருக்கும். கழற்றி, வயர் முனையில் இருக்கும் லக்கைத் தூக்கினால் அடியில் பச்சைப் பொடி. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இபிஎஸ் எர்த் போல்ட்டிலும் வைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வேசலின் தடவுங்கள்.

ராயபுரம்: பவர் ஸ்டீயரிங் ஆயில் எந்த கிரேடு ஊத்தணும்?

இபிஎஸ்ஸில் ஆயிலே கிடையாது. யாராவது "டாப் அப்" என்று பில் போட்டிருந்தால் எங்கே ஊற்றினார் என்று கேளுங்கள்.

வியாசர்பாடி: மழையில சப்வே தண்ணி உள்ள வந்து கார்பெட் நனைஞ்சுது. இப்போ ஸ்டீயரிங் விளக்கு வருது.

சாவியைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு கார்பெட்டைத் தூக்கிக் காய வையுங்கள். கனெக்டரைப் பிரித்துப் பின்களைப் பாருங்கள். மிக்ஜாம் புயலில் நனைந்த வண்டிகளில், காய்ந்து பல மாதம் கழித்துக்கூட பின் அரித்துப் போயிருந்தது. மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக்குடையது. அதைத் தொட வேண்டாம்.

மூலக்கடை: தம்பி, இவ்வளவு மீட்டர் எதுக்கு? வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டு. நின்னா ஆல்டர்னேட்டர் போச்சு, ஓடினா நல்லாருக்கு. அம்பாசிடர் காலத்துலேர்ந்து இதான் டெஸ்ட்டு.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். அடக்க எதுவும் இல்லையென்றால் 80, 100 வரைகூடப் போகும். அம்பாசிடரில் பெரும்பாலும் ஒரு பல்பு போவதோடு முடிந்திருக்கும். இன்று அதே வயரில் இபிஎஸ், ஏபிஎஸ் (பிரேக்கில் வீல் பூட்டாமல் பார்ப்பது), இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் தொங்குகின்றன.

மூலக்கடை: நான் எத்தனையோ புது வண்டியில பண்ணிருக்கேன், ஒண்ணும் ஆகலையே?

ஆல்டர்னேட்டருக்குள் பாதுகாப்பு டயோடு இருக்கும் வண்டியாக இருந்திருக்கும். அது தாங்கியது என்பதற்காக அடுத்த வண்டியும் தாங்கும் என்று சொல்ல முடியாது. கண்ட்ரோல் பாக்ஸுக்குள் இருக்கும் போர்டு போனால் பணம் கொடுக்கப்போவது வண்டிக்காரர்தானே? பேட்டரியில் மீட்டர் வைத்தால் இதே விடை நிமிடத்தில் கிடைக்கும்.

பெரம்பூர்: எங்க மெக்கானிக்கும் அப்படித்தான் கழட்டிப் பாத்தாரு. அப்புறம்தான் இபிஎஸ் விளக்கோட ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து வந்துச்சு.

ஐயா, பார்த்தீர்களா? ஆனால் பெரம்பூர்க்காரரே, போர்டு செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். முதலில் ஃப்யூஸ். அடுத்து வீல் ஸ்பீடு சென்சார்: வேகக் கணக்கு வராவிட்டால் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரியலாம். எல்லா மாட்யூலையும், அதாவது ஒவ்வொரு கண்ட்ரோல் பாக்ஸையும் படிக்கும் ஸ்கேனர் வையுங்கள். 'சி' என்று தொடங்கும் கோளாறுக் குறியீடு (code) சேஸிஸ் பக்கம், 'யு' என்றால் மாட்யூல்களுக்குள் பேச்சு அறுந்திருக்கிறது. இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் "நோ ஃபால்ட்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

திருவொற்றியூர்: விளக்கே வரலை, ஆனா எப்பவும் கனமா இருக்கு.

முதலில் டயர் காற்று. சரியாக இருந்தால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு, லாக்கை விடுவித்துத் திருப்புங்கள். அப்போதும் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து விட்டால் ஜாயின்ட் துரு, ரேக் அல்லது ஸ்ட்ரட் பேரிங். கரண்டுக்கு அதில் வேலையில்லை. ஜாயின்ட் துருவென்று ஸ்டீயரிங் காலத்தைச் சுத்தியலால் தட்டாதீர்கள், டார்க் சென்சார் போய்விடும்.

கொடுங்கையூர்: காலையில மட்டும் மஞ்சள் விளக்கு, ஸ்டீயரிங் டைட்டு. என்னவா இருக்கும்?

முதல் பதில்.

மணலி: பார்க்கிங்ல நாலஞ்சு தடவை வெட்டி வெட்டித் திருப்பினா கனமாயிடுது. பத்து நிமிஷத்துல சரியாகுது.

மோட்டார் சூடாகி, பாக்ஸ் கரண்டைக் குறைக்கிறது. அது கோளாறில்லை. வண்டியைக் கொஞ்சம் நகர விட்டுத் திருப்புங்கள்.

எண்ணூர்: புதுப்பேட்டையில பழைய ஸ்டீயரிங் காலம் மலிவா கிடைக்குது. போடலாமா?

போடலாம், பார்ட் நம்பர் ஒத்துப்போனால். மாட்டியபின் ஸ்கேனரில் டார்க் சென்சாரின் ஜீரோ பாயின்ட் செட் செய்ய வேண்டியிருக்கும். விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். ஆனால் வோல்ட்டும் எர்த்தும் பார்த்தீர்களா? பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். அதுவரை எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டாம். மோட்டார் செத்தாலும் வீல் திரும்பும்தான், ஆனால் அவசரத்துக்குக் கை பத்தாது.

வண்ணாரப்பேட்டை: ஸ்டார்ட் பண்ணதும் மஞ்சள் விளக்கு...

முதல் பதில், ஐயா. மேலே இருக்கிறது.

மூலக்கடை: சரி தம்பி, எந்த மீட்டர் வாங்கறது?

டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஐயா. ஏசி ஆம்பியர் மட்டும் அளப்பது விலை குறைவு, வண்டியின் கரண்டை அளக்க உதவாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.