ஏமாற்றுக்காரருக்கு ஏது அந்தரங்கம்?

கே: மோசடிப் புகாரில் சிக்கியவரின் சொந்த வாழ்க்கையைப் பத்திரிகைகள் கிளறுவது சரியா? "ஊரை ஏமாத்தினவனுக்கு அந்தரங்கம் ஒரு கேடா?" என்கிறார் என் கணவர்.
– வாசகி, திண்டுக்கல்

ப: உங்கள் வீட்டுக்காரர் கேட்பதையே ஆசிரியர் குழுக் கூட்டங்களிலும் கேட்பார்கள், கொஞ்சம் நாசூக்காக.

2014 ஜனவரியில் அமெரிக்காவில், ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய கிராண்ட்லேண்ட் இணைய இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. புதுமாதிரி கோல்ஃப் மட்டை ஒன்றை வடிவமைத்த பெண்ணைப் பற்றியது. அந்த ஊர் எம்.ஐ.டி. என்ற பேர்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் படித்தவர், ராணுவ ரகசியத் திட்டங்களில் வேலை பார்த்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிருபர் விசாரித்தால் படிப்புக்கும் ஆதாரமில்லை, வேலைக்கும் ஆதாரமில்லை. அவரை நம்பிப் பணம் போட்டவர்களும் உண்டு. சரி, எழுத வேண்டிய விஷயம்தான்.

தோண்டியதில் அவர் திருநங்கை என்பதும் தெரிந்தது. போலிப் பட்டத்தோடு அதையும் சேர்த்து, இன்னொரு தில்லுமுல்லு போல எழுதிவிட்டார்கள். 2013 அக்டோபரில், கட்டுரை வரும் முன்பே அவர் தற்கொலை செய்துகொண்டார். காரணம் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகும் வெளியிட்டார்களே! எதிர்ப்பு கிளம்பியதும் ஆசிரியர் பில் சிம்மன்ஸ் தவறை ஒப்புக்கொண்டு எழுதினார். வெளியாகும் முன் பதின்மூன்று, பதினைந்து பேர் படித்தார்களாம். விஷயம் தெரிந்த திருநர் ஒருவரிடம்கூடக் காட்டவில்லை.

எனக்கு இதில் பெரிய உறுத்தல் வேறு. விசாரணையின்போதே, பணம் போட்ட ஒருவரிடம் நிருபர் இந்த ரகசியத்தைச் சொல்லியிருந்தார். அச்சில் வருவதையாவது ஆசிரியர் வெட்டலாம். நிருபர் வாய்விட்டதை யார் வெட்டுவது? நீங்கள் விசாரிக்கிற ஆளின் வீட்டு ஓனரிடம் போய் "அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்காமே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரி எழுத வேண்டாம், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

கே: சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், நாகர்கோவில்

ப: நம்ம ஊர் வழக்கே இருக்கிறது. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணங்களில் உள்ளதை அவர் சம்மதம் இல்லாமலே போடலாம்; அதைத் தாண்டிப் போனால் அந்தரங்க உரிமையை மீறியதாகலாம். முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றும் சொன்னது. தூக்குத் தண்டனைக் கைதிக்கே அந்தரங்கம் உண்டென்றால், புகார் மட்டும் உள்ளவருக்கு இல்லாமல் போகுமா?

கே: அப்போது குடும்பத்தைப் பற்றி எழுதவே கூடாதா?
– வாசகர், ஓசூர்

ப: சுருட்டிய பணத்தில் மனைவி பெயரில் வீடு வாங்கியிருந்தால் பத்திர நகலோடு தாராளமாக எழுதலாம். அந்த அம்மாவுக்கு இது இரண்டாவது கல்யாணம் என்பதற்கு அங்கே என்ன வேலை?