வாசகர் கேள்விகள்: அடங்கிப் போவது ஒரு நாட்டின் குணமா?

கேள்வி: வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் லைப்சிக் நகரில் இருந்து திரும்பிய என் அண்ணன் மகன், "கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் எவரையும் எளிதில் நம்ப மாட்டார்கள், தாமாக முன்வந்து எதையும் செய்ய மாட்டார்கள், சர்வாதிகாரத்தில் வளர்ந்தவர்களின் குணமே அதுதான்" என்று அங்கிருந்த மேற்கு ஜெர்மனி நண்பர்கள் கூறியதாகச் சொல்கிறான். "மன்னன் எவ்வழி, மன்னுயிர் அவ்வழி" என்பது மெய்தானா? (காரைக்குடி வாசகர்)

பதில்: நம்ப மாட்டார்கள் என்பதில் உண்மை உண்டு. அதற்குக் "குணம்" என்று பெயர் வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1990இல் மேற்கு ஜெர்மனியோடு இணையும்வரை கம்யூனிஸ்ட் ஆட்சியில் தனி நாடாக இருந்தது கிழக்கு ஜெர்மனி. 1989இல் அங்கே ஏறக்குறைய 1 கோடியே 64 லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களைக் கண்காணித்த ஸ்டாசி என்ற அரசுப் பாதுகாப்புத் துறையில் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர் என்ற போர்வையில் அதற்குத் தகவல் கொடுத்தவர்கள் சுமார் 1,89,000 பேர். இரு சாராரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 60 பேருக்கு ஒருவர். ஆட்சி போனபின் ஸ்டாசியின் கோப்புகள் திறக்கப்பட்டபோது, தன்னை உளவு பார்த்தவர் தன் கணவரே என்று அறிந்தார் நாடாளுமன்ற உறுப்பினரான ஒரு பெண்மணி. அப்படிப்பட்ட நாட்டில் புதியவரிடம் அளந்து பேசுவதைப் பிழைக்கத் தெரிந்தவரின் எச்சரிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த எச்சரிக்கை ஆட்சியோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை என்பதும் உண்மையே. உளவாளிகள் மிகுதியாக இருந்த மாவட்டங்களில், நாடு ஒன்றிணைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் மக்களுக்குப் பிறர்மீதுள்ள நம்பிக்கை குறைவாக இருப்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த முடிவே உங்கள் அண்ணன் மகனின் நண்பர்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. அவநம்பிக்கை கிழக்கு ஜெர்மானியரின் பிறவிக்குணமாக இருந்தால் அது எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். ஒற்றர் கூடிய இடத்தில் கூடியும் குறைந்த இடத்தில் குறைந்தும் இருப்பானேன்?

தாமாக முன்வந்து எதையும் செய்ய மாட்டார்கள் என்ற இரண்டாவது குற்றச்சாட்டை லைப்சிக் நகரில் இருந்துகொண்டே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. 1953 ஜூனில், வேலை அளவை உயர்த்தியதை எதிர்த்துக் கிழக்கு பெர்லின் கட்டடத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 700க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவி, சோவியத் டாங்கிகள் வந்த பிறகே அடங்கியது. அதன்பின் அம்மக்கள் வாய்மூடிக் கிடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒழுகும் கூரையிலிருந்து கிடைக்காத உதிரிபாகம் வரை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அரசுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1989 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் 98.85 விழுக்காடு ஆதரவு என்று அரசு அறிவித்தபோது, வாக்குச்சாவடிகளில் நின்று எதிர்வாக்குகளைத் தாமே எண்ணிக் குறித்திருந்த சாதாரணக் குடிமக்கள் அந்தப் பொய்யை அம்பலப்படுத்தினார்கள். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் மாணவர் கூட்டத்தின்மீது சீன ராணுவம் சுட்டதைக் கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தமக்கும் அதுவே நேரலாம் என்று தெரிந்திருந்தும், அக்டோபர் 9 அன்று லைப்சிக் தெருக்களில் சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து ஊர்வலமாக நடந்தார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

பிறகு ஏன் இந்தப் பெயர் நிலைத்தது என்றால், பெயர் சூட்டும் இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1990க்குப் பிறகு ஆலைகள் மூடப்பட்டு லட்சக்கணக்கானோர் வேலையிழந்த கிழக்கில், அலுவலகங்களை நடத்த மேற்கிலிருந்து அதிகாரிகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த கூடுதல் படிக்கு மக்கள் வைத்த பெயர் "காட்டுப் படி". பஞ்சப்படியும் பயணப்படியும் அறிந்த நமக்கு அதிலுள்ள கசப்பை விளக்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தவர்போல் பேசும் மேற்கத்தியரைக் கேலி செய்யக் கிழக்கில் புழங்கிய "பெஸ்ஸர்வெஸ்ஸி" என்ற சொல், 1991ஆம் ஆண்டின் சிறந்த சொல்லாக ஜெர்மனியில் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கேள்வி: கிழக்கு, மேற்கு என்ற பேச்சை விடுங்கள். ஜெர்மானியர் எல்லாருமே சீருடையைக் கண்டால் கைகட்டி நிற்பவர்கள் என்பது உலகறிந்த செய்தி அல்லவா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அந்த உலகறிந்த செய்திக்கு வலுச் சேர்த்த ஒரு நிகழ்ச்சி 1906 அக்டோபரில் நடந்தது. சிறைக்குப் போய் வந்தவர் என்பதால் தங்கிய ஊர்களிலிருந்து காவல்துறையால் வெளியேற்றப்பட்ட வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தைப்பவர், பழைய கேப்டன் சீருடை ஒன்றை விலைக்கு வாங்கி அணிந்து, தெருவில் போன சிப்பாய்களுக்கு ஆணையிட்டுக் கூட்டிச் சென்று, பெர்லினை அடுத்த கோபெனிக் நகரின் மேயரைக் கைது செய்து, நகராட்சிப் பணத்தோடு மறைந்துவிட்டார். ஆணையை மீறினால் தண்டனை என்ற ராணுவத்தில் அந்தச் சிப்பாய்கள் வேறென்ன செய்திருப்பார்கள் என்று அன்று எத்தனை பேர் கேட்டார்கள் என்பது ஐயமே. இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, ஜெர்மானியர் என்றால் கவிதையிலும் தத்துவத்திலும் மூழ்கிக் கிடக்கும், காரியத்துக்கு உதவாத கனவுக்காரர்கள் என்ற எண்ணமே பிரெஞ்சுக்காரர்களிடையே பரவியிருந்தது.

ஃபோக்ட் பிடிபட்டார்; நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்; 1908இல் பேரரசரே அவரை மன்னித்து விடுவித்தார். பின்பு ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தின் முன் தோன்றி, கையெழுத்திட்ட தம் படங்களை விற்றுப் பிழைத்தார். சீருடை மோகத்தை எள்ளிச் சிரித்து அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் ஜெர்மானியர்கள்தாம்.