வாசகர் கேள்வி: வீட்டில் கடி, கிளினிக்கில் சமர்த்து

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. வீட்டில் கையைக் கடித்துக்கொள்கிறான். கிளினிக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறான். "ஏன் கடிக்கிறான் என்று பார்க்க வேண்டும், குறித்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். எதைக் குறிப்பது? ஒரு மணி நேரத்தில் அவர்கள் என்ன கண்டுபிடிப்பார்கள்?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பேசாத பிள்ளைக்கு வலி வந்தாலும் வெளியே தெரிவது கடிதான்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, அவன் செய்தது, அடுத்து வீட்டார் செய்தது. "அடம் பிடித்தான்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "மாலை 6.10. கார்ட்டூனை நிறுத்திக் குளிக்கக் கூப்பிட்டேன். வலது கையை இருமுறை கடித்தான். பாட்டி கைப்பேசியைக் கொடுத்தார்" என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். கடித்ததால் அவனுக்கு என்ன கிடைத்தது என்ற விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். உடனே எழுதுங்கள். இரவில் யோசித்து எழுதினால் பெரிய ரகளை மட்டுமே நினைவில் நிற்கும்.

கிளினிக்கில் பேட்டியும் கேள்வித்தாளும் இருக்கும். கேள்வித்தாளை மட்டும் நம்ப முடியாது. அதே பிள்ளைக்கு அம்மா ஒன்று நிரப்புவார், பாட்டி வேறொன்று நிரப்புவார். அதனால் 5 முதல் 10 நிமிடச் சோதனைகளும் செய்வார்கள். ஒன்றில் அவனைக் கண்டுகொள்ளாமல் இருந்து, கடித்தால் மட்டும் கவனிப்பார்கள். ஒன்றில் கடினமான வேலை கொடுத்து, கடித்தால் சற்று நிறுத்துவார்கள். ஒன்றில் பிடித்த பொருளை வாங்கி வைத்து, கடித்தால் திருப்பிக் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் கேட்காத விளையாட்டு நேரம் ஒன்று. எதில் கடி கூடுகிறதோ, அதில் கிடைப்பதற்காகத்தான் கடிக்கிறான் என்று கருதி, அதைத் திருப்பி நடத்தி உறுதிசெய்வார்கள். அமெரிக்காவின் அயோவாவில் 1991-இலேயே இதை வெளிநோயாளர் கிளினிக்கின் 90 நிமிடத்துக்குள் அடக்கிக் காட்டினார்கள்.

சமர்த்தாக இருப்பதற்குக் காரணம், கடியைக் கிளப்பும் எதுவும் அந்த அறையில் இல்லை என்பதாக இருக்கலாம். அவனுடைய கைப்பேசி, பாடப்புத்தகம், தட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சோதனையில் அவனிடம் வேலை சொல்வதை நீங்களே செய்ய முடியுமா என்று கேளுங்கள். இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். காயம் ஏற்படும் நடத்தைக்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் பாதுகாப்பும் வேண்டும்.

கேள்வி: மகள் பாலர் பள்ளியில் பயிற்சித்தாளைக் கிழிக்கிறாள். ஆசிரியர் உடனே வெளியே உட்கார வைக்கிறார். கிழிப்பது கூடுகிறதே?
— வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: எழுதாமல் தப்பிக்கத்தான் கிழிக்கிறாள் என்றால், வெளியே அனுப்புவது அவளுக்குத் தண்டனையே இல்லை, பரிசு. எப்போது கிழிக்கிறாள் என்று ஆசிரியரையும் ஒரு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். எழுத்து வேலையின்போது மட்டும் என்றால், மேசையில் ஓய்வு அட்டை ஒன்று வையுங்கள். அவள் அதைத் தொட்டதும், ஒவ்வொரு முறையும், ஒரு நிமிட ஓய்வு. தாமதித்தால் கிழிப்பதே வேகமான வழி என்று திரும்பிவிடுவாள். தாளையும் மூன்று வரியாகக் குறையுங்கள். கிழித்தால் ஓய்வு இல்லை. அதே வேலை வேறு தாளில் வரும். முதல் சில நாட்கள் கிழிப்பது கூடலாம். அப்போது ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும், இன்னும் பலமாகக் கிழிக்கவே பழகுவாள்.