விலை போடாத மெனு கார்டு

நட்சத்திர ஹோட்டல் உணவகத்தில் ஸ்டூவர்டாக, அதாவது பரிமாறுபவராகச் சேர்ந்து, பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனாக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: நகரின் நடுவில் இருக்கும் பெரிய ஹோட்டலில் ஒருநாள் சாப்பிட ஆசை. அறை எடுத்துத் தங்காதவர்களை உள்ளே விடுவார்களா?

ப: தாராளமாக. லண்டன் சவாய் ஹோட்டலை 1890-களில் செசார் ரிட்ஸ் நிர்வகித்தார். அடுப்படி அகஸ்த் எஸ்காஃபியேவின் கையில் இருந்தது. வீட்டிலேயே சமையல்காரர் வைத்திருந்த செல்வந்தர்களை வெளியே வந்து சாப்பிட வைத்ததுதான் அந்த இருவரின் சாமர்த்தியம். தங்க வந்தவர்களை மட்டும் நம்பி அன்றும் கடை நடத்தவில்லை, இன்றும் நடத்துவதில்லை. போன் செய்து மேசையைப் பதிவுசெய்யும்போதே உடை விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு என்றால் சில இடங்களில் கறாராக இருப்பார்கள்.

கே: உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்றார் பணியாளர். புரியாமல் முதலாவதைச் சொன்னேன். பில்லில் மூன்று பாட்டில் தண்ணீருக்கு விலை! இது ஏமாற்று வேலை இல்லையா?

ப: அந்தப் பணியாளரின் கேள்வியை விருந்தினர்களிடம் ஆயிரக்கணக்கான முறை கேட்டவன் நான், ஆகவே நீதிபதி இடத்தில் உட்கார எனக்குத் தகுதியில்லை. முதலாவது வெறும் தண்ணீர், இரண்டாவது வாயு ஏற்றிய தண்ணீர். இரண்டுக்கும் காசு. "வடிகட்டிய சாதாரணத் தண்ணீர் போதும்" என்ற மூன்றாவது பதிலை நாங்களாக எடுத்துக் கொடுப்பதில்லை. நீங்கள் சொன்னால், பெரும்பாலான இடங்களில் முகம் சுளிக்காமல் கொண்டுவருவார்கள். பாட்டில்தான் வேண்டுமென்றால், "அடுத்ததைத் திறக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று சொல்லிவையுங்கள். டம்ளர் காலியாகும் முன்பே நிரப்புவது உபசாரம் என்று எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். அதில் வியாபாரமும் கொஞ்சம் கலந்திருந்தது.

கே: அப்பா பணி ஓய்வு பெற்ற அன்று, அவரையும் அம்மாவையும் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். மெனு கார்டைப் பார்த்ததும் அப்பாவுக்குப் பசி பறந்துவிட்டது. ஒரு சூப்பை அம்மாவும் அவருமாகப் பாதிப்பாதி குடித்துவிட்டு, "வயிறு நிறைந்துவிட்டது" என்றார். வீடு வந்து சேரும்வரை யாரும் பேசவில்லை. மறுபடி அழைத்துப் போகலாமா?

ப: கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் இந்த முறை விலை அவர் கண்ணில் படக்கூடாது. விருந்து கொடுப்பவரின் கார்டில் மட்டும் விலை போட்டு, மற்றவர்களுக்கு விலையில்லாத கார்டு தருவது ஐரோப்பிய உணவகங்களின் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் கார்டைக் கணினியில் அடிக்கும் காலத்தில் இரண்டு விலையில்லாப் பிரதிகள் எடுப்பது பெரிய வேலையா? முந்தின நாளே மேலாளரிடம் கேளுங்கள். முடியாது என்றால், என்னென்ன வேண்டும் என்று நீங்களே முன்கூட்டித் தீர்மானித்துச் சொல்லிவிடுங்கள். கார்டே மேசைக்கு வராது. பணத்தையும் வாசலிலேயே கட்ட ஏற்பாடு செய்யுங்கள். பில்லைத் தோல் உறையில் வைத்து மேசை நடுவில் வைப்பது எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரு காரியம்.

இன்னொன்று, சுவரோர மேசையாகக் கேளுங்கள். இது என் அப்பாவிடம் கற்றது. அவர் ஓர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். நான் கேப்டனான புதிதில் அவரை எங்கள் உணவகத்துக்கே வரவழைத்தேன். யார் பக்கத்தில் வந்து நின்றாலும் சட்டென்று எழுந்துவிடுவார்! தண்ணீர் ஊற்ற வந்த பையனுக்கு எழுந்தார், ரொட்டிக்கு எழுந்தார். சூப் வந்தபோது எழுந்ததில் அவர் தோள் தட்டில் இடித்து, கிண்ணம் மயிரிழையில் தப்பியது. எனக்கு மூத்த கேப்டன் ஒருவர் ஒன்றும் நடக்காதது போல அவரைச் சுவரோர நாற்காலிக்கு மாற்றி உட்காரவைத்தார். பிறகு எங்களிடம், "இனி எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து" என்றார். மேசையின் குறுக்கே கை நீட்டிப் பரிமாறுவது எங்கள் விதிப்படி பெரிய தவறு. அன்றிரவு அந்தத் தவறை ஏழு தடவை செய்தோம். அப்பா ஒருமுறைகூட எழவில்லை. வீட்டுக்கு வந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். ஊழியர் சலுகை என்றேன். பாதி உண்மை.

கே: தட்டின் இருபுறமும் இத்தனை கரண்டி, முள், கத்தி எதற்கு?

ப: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பும் பழைய பிரெஞ்சு முறை போய், ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. ஒரு சுற்றுக்கு ஒரு ஜோடி என்று கணக்கு. வெளியோரத்தில் இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வாருங்கள். மாற்றி எடுத்தாலும் குடி முழுகிவிடாது. குறைந்த ஜோடியைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் முள்ளையும் கத்தியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வையுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் தட்டை எடுப்போம்.

கே: எனக்கு வந்த மீன் ஆறிப்போயிருந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் எப்படிக் குறை சொல்வது என்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சரிதானா?

ப: தவறு. முதல் வாயிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேலே சொன்ன எஸ்காஃபியேதான் பெரிய சமையலறையை சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வாட்டுவதற்கு ஒருவர் என்று பிரித்து ஒழுங்குபடுத்தியவர். வேகம் கூடியது, கூடவே ஒரு தொல்லையும் வந்தது. உங்கள் மீன் தயாரானாலும், எதிரே இருப்பவரின் தட்டு வேறொருவர் கையில் வேகிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வெளியே வரவேண்டும் என்பதால் மீன் காத்திருந்து ஆறுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. "ஆறியிருக்கிறது, மாற்றித் தரமுடியுமா?" என்று கேளுங்கள். முக்கால்வாசி சாப்பிட்ட பிறகு கேட்டால்தான் சமையலறையில் முணுமுணுப்பார்கள்.

கே: மீந்ததைக் கட்டித் தரச் சொன்னால் கேவலமாகப் பார்ப்பார்களா?

ப: பஃபேயில் தரமாட்டார்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ பரிமாறியதைக் கட்டித்தர சில ஹோட்டல்கள் மறுக்கும், கெட்டுப்போய்ப் பழி வரும் என்ற பயம். மற்றபடி கேளுங்கள். என்னிடம் கட்டி வாங்கிப் போனவர்களில் மிகப் பெரிய காரில் வந்த ஒருவர், மீந்த வெண்ணெயைக்கூட விடமாட்டார்.