அரை நாள் பயணம், ஒரு நாய்க்குட்டி, பேரப்பிள்ளைகள்: பணி ஓய்வு பெற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஊர் சுற்றுவது பற்றியவை. எல்லாருக்கும் பொதுவாக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலை 6 மணிக்குக் கிளம்பி, மதியம் 1 மணிக்குள் வீடு திரும்பும்படி ஒரு நாளுக்கு ஒரு இடம் வையுங்கள். மூன்று இடங்களை ஒரே நாளில் அடைத்தால், மூன்றாவது இடத்தில் யாரும் காரை விட்டு இறங்க மாட்டார்கள்.

கேள்வி (பாலக்கோடு): ஐயா, எனக்கு 67 வயது. வீட்டம்மாவுக்கு முட்டிவலி. மலை ஏறாமல் பார்க்கிற மாதிரி பழைய இடங்கள் நம் பக்கம் உண்டா?

பதில்: நிறைய உண்டு ஐயா. தருமபுரி கோட்டைக் கோயிலில் தொடங்குங்கள். மல்லிகார்ஜுனர் கோயிலும் காமாட்சி அம்மன் கோயிலும் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர் என்ற அரச மரபினரின் கலையை நம் ஊரிலேயே பார்க்கக் கிடைத்த இடம் அது. அம்மன் சன்னதிக்குப் படி ஏற வேண்டும். ஆனால் ராமாயணக் காட்சிகள் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றித்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன, கீழே நின்றபடியே பார்க்கலாம். சிற்பங்கள் சிறியவை. உச்சி வெயிலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலைச் சாய்வெயில் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். உருவங்கள் எழுந்து நிற்கும். தரையைத் தொடாமல் தொங்கும் தூணையும் அங்கே காட்டுவார்கள்.

இன்னொரு நாள் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு கைக்கண்ணாடியை மடியில் வைத்து அதில் பாருங்கள். ஃபிளாஷ் போட வேண்டாம், வண்ணம் கெடும். தேய்பிறை அஷ்டமி அன்று மட்டும் அந்தப் பக்கம் தவிர்த்துவிடுங்கள். காலபைரவர் கோயில் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

உங்களுக்கு மிக அருகில் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 23.7.1925 அன்று மறைந்த ஊர். அங்கே அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு போனால், சிறையில் தொழுநோய் பற்றிய உடம்போடு ஊர் ஊராக நடந்து பேசியவர் அவர் என்பதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கேள்வி (அரூர்): தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறதே, எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் ஆயுதத்தைப் பாருங்கள்: வில்லா, வாளா, குறுவாளா. அடுத்து உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா என்று தேடுங்கள். காலடியில் மாடுகள் இருந்தால் அது பெரும்பாலும் ஆநிரைச் சண்டை. கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்பதைக் கல்வெட்டுதான் சொல்லும். சில கற்களில் மேல்பகுதியில் பெண்கள் இருபுறமும் நின்று வீரனை வானுலகுக்கு அழைத்துப் போவார்கள். பழைய கற்களில் எழுத்து வட்டெழுத்தாக, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து முறையில் இருக்கும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கல் ஒன்று பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காத்து விழுந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் நம் ஊர்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பிள்ளைகள் பெங்களூரில். நாங்கள் இருவர் மட்டும். நாய்க்குட்டி வாங்கலாமா? எந்த இனம்?

பதில்: நாய் 12, 14 வருடம் இருக்கும் அம்மா. கடைசி வருடங்களில் அதை யார் பார்ப்பார்கள் என்று பிள்ளைகளிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் அருமையான நாய்கள். ஆனால் அவை ஓட வேண்டும். கயிற்றை ஒரு இழு இழுத்தால் 65 வயதுக்காரர் விழுந்து இடுப்பு எலும்பு முறியும். என் யோசனை, மூன்று நான்கு வயதான, குணம் தெரிந்த நாட்டு நாய். குட்டி கட்டாயம் வேண்டும் என்றால் 15 கிலோவுக்கு மேல் வளராததாகப் பாருங்கள்.

ஊசிக் கணக்கு: ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கொடிய நாய் நோய்களுக்கும் சேர்ந்த தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடம் தவறாமல். பெரிய நாய்க்குக் குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

நம் பக்கம் நாய்க்கு ராகிக்களியும் மோரும் மட்டும் ஊற்றுவது வழக்கம். வயிறு நிறையும், சதை பிடிக்காது. 15 கிலோ நாய்க்கு வேளைக்கு ஒரு கப் சோறோ களியோ, எலும்பில்லாத வேகவைத்த கோழி 100 முதல் 125 கிராம், ஒரு பிடி பூசணியோ கேரட்டோ. தினம் இரண்டு வேளை. உப்பும் மசாலாவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெயில் நாளில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

பேரப்பிள்ளையை எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது.

கேள்வி (ஊத்தங்கரை): பேத்தி பச்சைக்கிளி கேட்கிறாள்.

பதில்: வேண்டாம். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே கதிதான். லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொடுங்கள். அல்லது மொட்டை மாடியில் மண்சட்டியில் தண்ணீரும் ஒரு கை கம்பும் வையுங்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். பறவைகள் தானாக வரும்.

கேள்வி (தருமபுரி): பள்ளி விடுமுறையில் பேரன்களை ஒகேனக்கல் கூட்டிப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முந்தின நாள் செய்தியில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால், நம் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாமலே ஆறு ஏறும். பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை இது அடிக்கடி நடக்கும். பரிசலில் ஏறியதும் உயிர்காப்பு உடையின் கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள். நடுவில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது, பரிசல் வட்டமாதலால் எடை சாய்ந்த பக்கம் உடனே கவிழப் பார்க்கும். குறித்த இடம் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம். பாறைப் பாசி வழுக்கும், ஆற்றில் முதலையும் உண்டு.

எண்ணெய் மசாஜ் பெரியவர்களுக்குப் பிடித்தது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மெதுவாகத் தேய்த்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தில் சொடக்கு எடுக்க விடாதீர்கள். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பறிக்கும். பென்னாகரத்துக்கு மேல் காட்டுச்சாலை. வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள்.

கேள்வி (ஓசூர்): நண்பர்கள் மூவர், நன்றாக நடப்போம். கோயில் அல்லாத பழைய இடம் சொல்லுங்கள்.

பதில்: சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் போங்கள். குன்றின்மேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த ஈமச் சின்னங்கள், கூட்டமாக இருக்கின்றன. ஊரார் பாண்டவர் வீடு என்பார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கைத்தடி. மூடுகல்மேல் ஏறாதீர்கள், சுண்ணக்கட்டியால் எழுதாதீர்கள். பாறை இடுக்கில் மலைத்தேனீ இருக்கலாம், சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம், புகை போடவும் வேண்டாம்.

அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையும் நம் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அகழ்ந்த குழிகளை மூடிவிடுவது வழக்கம் என்பதால், இரும்பைப் பார்க்கலாம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். நடக்க முடியாத நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டால் தொரப்பள்ளி. ராஜாஜி 10.12.1878 அன்று பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது.

கேள்வி (கிருஷ்ணகிரி): தாத்தா காலத்து ஓலைச்சுவடிக் கட்டு பரணில் கிடைத்தது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடாது ஐயா. சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். மென்மையான தூரிகையால் நீளவாக்கில் தட்டுங்கள். உலர்ந்த ஓலையை மடக்கினால் ஒடிந்துவிடும். எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்து நிழலில் ஆற விடுங்கள். ஓலைகள் ஒட்டியிருந்தால் கத்தி போட்டுப் பிரிக்காமல் அப்படியே சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். வீட்டில் வைப்பதானால் பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பை ஈரத்தை அடைத்துவைக்கும்.

சுவடியோடு பழைய படங்களும் இருக்குமே? ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்திலிருந்து அவற்றை வெளியே எடுங்கள். ஸ்கேன் கடையில் 600 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு) வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை ஊறும். வீட்டில் இருப்பதிலேயே மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்துக்கும் அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (காரிமங்கலம்): இரண்டு நாள் வெளியூர் போனால் நாயை என்ன செய்வது?

பதில்: கட்டிப்போட்டுவிட்டுப் போவதுதான் மிகத் தவறு. பக்கத்து வீட்டில் அதற்குப் பழக்கமான ஒருவரை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மாலை வேளைச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய வேட்டி ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுவையுங்கள். ஊசி அட்டையும் கால்நடை மருத்துவரின் எண்ணும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கட்டும்.