கூம்பு தட்டிய ஓடு

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மாற்றலாகி வடக்கே போன பக்கத்து வீட்டுக்காரர், வளர்த்த ஆமையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். சுல்கட்டா ஆமையாம், ஐந்து வயதாம். மண் நிறம், மஞ்சள் கோடு எதுவும் இல்லை. பின்தொடையில் முள் முள்ளாக இருக்கிறது. சமையலறைத் தராசில் இரண்டே கால் கிலோ. மேலோட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பு மாதிரி மேடு தட்டியிருக்கிறது. பின் ஓரத்தில் கயிறு கட்ட ஓட்டை போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. தினமும் தேங்காய் எண்ணெய் தடவினால் மேடு அடங்கும் என்றார்கள். வெள்ளரிக்காய், தக்காளி, சில நாள் தயிர் சாதமும் கொடுத்தார்களாம். ஓடு சரியாகுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், அம்மா. ஆமையின் ஓடு நம் நகம் மாதிரி என்று நினைத்துத்தான் பலரும் துளை போடுகிறார்கள். மேலே தெரியும் தகடு மட்டும்தான் நகம் போன்றது. அதற்கு அடியில் இருப்பது முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து வளர்ந்த உயிருள்ள எலும்பு. ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. துளை போட்ட அன்று அதற்கு வலித்திருக்கும்; கத்தத் தெரியாத ஜீவன், யாருக்கும் தெரிந்திருக்காது.

துளையின் உள்விளிம்பு காய்ந்து, வழவழப்பாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். ஈரக்கசிவோ, முகர்ந்தால் அழுகல் நெடியோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தூசியையும் கிருமியையும் பிடித்து வைக்கும். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் ஆமையைக் கொண்டுவந்தார்கள். பளபளவென்று வார்னிஷ் அடித்த ஓடு. ஒரு தகட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கியதும் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் சீழ் வந்தது, அறை முழுக்க நாற்றம். அவர்கள் அதுவரை ஓடு ஆரோக்கியமாக இருக்கிறது என்றே நம்பியிருந்தார்கள். அன்றிலிருந்து பளபளப்பான ஓட்டைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் ஆமையின் வெள்ளைத் திட்டை இப்படிப் பாருங்கள். பழைய மெத்தென்ற டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் துடையுங்கள். தரையில் உரசிய தேய்மானம் என்றால் கெட்டியாக இருக்கும், நெடி இருக்காது. நகத்தால் அழுத்தும்போது உள்ளே அமுங்கினாலோ, செதில் செதிலாக உரிந்து குழி விழுந்தாலோ அது ஓட்டழுகல். அடிப்பக்க ஓடு முழுவதும் இளஞ்சிவப்பாகக் கன்றிப்போய், ஆமையும் சோர்ந்து கிடந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், அன்றைக்கே கிளம்புங்கள். ஓட்டின் ஓரங்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஐந்து வயதில் கொட்டாங்குச்சி மாதிரி இருக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் எலும்பில் கால்சியம் இல்லை.

இனி கூம்பு. நட்சத்திர ஆமைக்குக் காட்டிலேயே மேடு தட்டும், சுல்கட்டாவுக்கு அப்படி இல்லை. புரதம் அதிகமானதால் வருகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். 2003-ல் வெளியான வியன்னா ஆய்வில், சுல்கட்டா குட்டிகளுக்கு மேடு தட்டியதற்கு உணவுப் புரதத்தைவிடக் காற்றில் ஈரம் குறைந்ததே பெரிய காரணம் என்று தெரிந்தது. சஹாராவின் தெற்கு ஓரத்துப் பிராணிதான். ஆனால் வெயில் நேரத்தில் வளை தோண்டி உள்ளே கிடக்கும், அங்கே மண் ஈரமாக இருக்கும். நம் வீட்டு மொசைக் தரையில் அந்த ஈரம் எங்கே கிடைக்கும்?

ஏற்கெனவே எழும்பிய மேடு அடங்காது. நீங்கள் பார்க்க வேண்டியது தகடுகளுக்கு நடுவில் வெளிர் நிறத்தில் ஓடும் கோட்டை. அதுதான் புது வளர்ச்சி. அது சமமாக, வழவழப்பாக வந்தால் உங்கள் பராமரிப்பு சரி. மாதம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இரண்டே கால் கிலோ இந்த வயதுக்குக் குறைவு என்பதால் வாராவாரம் எடையும் போடுங்கள். அந்தத் தராசு இனி ஆமைக்கு மட்டும்தான். சால்மோனெல்லா கிருமியை ஆமைகள் சுமக்கும். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

சோறு, தயிர், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இது புல் தின்னும் பிராணி. அருகம்புல், காய்ந்த புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. பறவைக் கூண்டில் மாட்டும் கணவாய் மீனின் ஓட்டை ஒரு மூலையில் போட்டால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். சில வாரங்களுக்குத் தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை மூழ்காத உயரத்தில் நிற்க வையுங்கள். மூத்திரத்தோடு வெள்ளையாகக் குழம்பு மாதிரி வருவது இயல்பு. மணல் மணலாக வந்தால் உடம்பில் நீர் போதவில்லை. காலை வெயில் நேராகப் பட வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பிரயோஜனமில்லை. திருச்சி வெயிலில் நிழலும் கட்டாயம் இருக்கட்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். போன் செய்து கேட்டுவிட்டு எக்ஸ்-ரே எடுக்கப் போங்கள். வேறு எங்கே காட்டினாலும், பூச்சிக்கென்று ஐவர்மெக்டின் ஊசி போட விடாதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் போடும் அந்த மருந்து ஆமைக்கு விஷம்.

நட்சத்திர ஆமையாக இருந்திருந்தால் வீட்டில் வைப்பதே குற்றம், வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். சுல்கட்டாவுக்கும் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். பழைய உரிமையாளர் பதிவு செய்திருக்கிறாரா என்று உடனே கேளுங்கள், கை மாறியதையும் தெரிவிக்க வேண்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: இது நாற்பது ஐம்பது கிலோ வரை வளரும், ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு மூன்று மாதப் படங்களும் வரட்டும்.